விண்ணொளியை அளக்கும் கருவிகள்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் கல்வியின் பெருமையைப் பேசுதல் மரபு. அதனை நம்மினும் ஆற்றல் வாய்ந்தோர் இம்மேடையில் முன்னரே செய்து முடித்துவிட்டனர். ஆதலின் கல்வியைப் புகழ்வதை விடுத்து, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதனை இங்கு கூடியுள்ளோர் அனைவரும் சேர்ந்து கற்பது நலமெனக் கருதினோம். எடுத்துக்கொண்ட பொருள் விண்ணியல் தொலைநோக்கி. நாம் பட்டம் பெற்றது வரலாற்றுப் பாடத்தில். ஆயினும் முப்பதாண்டுக் காலம் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளோடு பழகி, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடிய வகையில் நாமும் சிறிது கற்றோம். அவ்வாறு கற்றதையே இங்கு கூறுகின்றோம்.

தொலைநோக்கியின் பயன் யாது என்று வினவினால், 'தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுவது' என்று பிள்ளைகள் விடை கூறுவர். அவ்விடை பாதி அளவே சரி. அதன் முதற்பணி ஒளியைச் சேர்ப்பதாகும். சேர்த்த ஒளியை எண்ணி எழுதிவைக்க மற்றொரு கருவி வேண்டும். அவ்விரண்டும் கூடிய பின்னரே, ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்து ஏற்கவும் மறுக்கவும் இயன்றது. இதுவே இவ்வுரையின் சாரம்.

நுங்கம்பாக்கத்துக் கற்றூண்

இத்துறையின் வரலாறு நமக்கு அயலூர் வரலாறன்று. தியாகராய நகரை ஒட்டியுள்ள நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை ஆய்வு மையம் உள்ள வளாகத்தில், 1792ஆம் ஆண்டு சென்னை வானாய்வகம் எழுந்தது. எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் சொந்தமாக வைத்திருந்த கருவிகளே அதற்கு வித்தாயின. கட்டடத்தை அமைத்தவர் மைக்கேல் டாப்பிங். விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் காணும் கருவியை அசைவின்றித் தாங்குவதற்காக அங்கு நாட்டப்பட்ட கருங்கல் தூண் இன்றும் உள்ளது. அதில் தமிழ்ப் பொறிப்பும் காணப்படுகின்றது. வண்டி ஓடினாலும் ஆள் நடந்தாலும் கருவி நடுங்கலாகாது என்பதற்காகவே அத்துணைக் கனமான கல் வேண்டியிருந்தது.

தாமஸ் கிளான்வில் டெய்லர் என்பவர் இங்கிருந்து அளந்து 1844இல் வெளியிட்ட பட்டியலில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் குறிக்கப்பட்டன. இந்தியப் பொது நேரம் 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வருமுன், இரயில்கள் ஓடியது இவ்வாய்வகம் கணித்த சென்னை நேரப்படியே. 1861இல் இங்கு அரசு வானியலராகப் பொறுப்பேற்று, 1891இல் மறையும் வரை பணியாற்றிய நார்மன் போக்சன், வருவதற்கு முன்னரே 1856இல் விண்மீன்களின் ஒளியை அளக்கும் அளவுகோலைத் திட்டமாக வரையறுத்தவர். அவருக்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல், ஒளி கூடியும் குறைந்தும் வரும் விண்மீன் ஒன்றைத் தென்வானில் கண்டறிந்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்பது அதன் பெயர்.

போக்சனின் அளவுகோலைச் சிறிது விளங்கிக்கொள்வோம். கண்ணுக்குப் புலப்படும் விண்மீன்களை முதல் தரம் தொடங்கி ஆறாம் தரம் வரை முன்னோர் பிரித்திருந்தனர். தரம் ஐந்து கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்று போக்சன் திட்டப்படுத்தினார். அப்படியாயின் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள விகிதம் 2.512. இன்றளவும் உலகெங்கும் வழங்குவது இந்த எண்ணே.

தொலைநோக்கி ஓர் ஒளிக்கலம்

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு குவளையையும் ஓர் அண்டாவையும் வைத்தால், வாய் அகன்ற அண்டாவில் நீர் மிகுதியாகச் சேரும். விண்மீனின் ஒளியும் மழையைப் போன்று நிலமெங்கும் பொழிகின்றது. இருட்டில் நம் கண்மணி விரியும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அது குவளை. சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அது அண்டா. பரப்பானது விட்டத்தின் இருமடியைப் பொறுத்ததாதலின், அவ்வாடி நம் கண்ணைப் போல் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் மடங்கு ஒளியைச் சேர்க்கின்றது. மாணவர்கள் 2340ஐ 7ஆல் வகுத்து இருமடியாக்கித் தாமே சரிபார்க்கலாம்.

இருபதாம் தரத்து விண்மீன் ஒன்றை எண்ணிக்கொள்வோம். கண்ணுக்கு அரிதில் புலப்படும் ஆறாம் தர விண்மீனினும் அது ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு மங்கலானது. அதிலிருந்து நம் கண்மணிக்குள் சில நிமிடங்களுக்கு ஓர் ஒளித்துகள் வீதம் வந்து விழும். அதனைக் கொண்டு கண் எதனையும் காண இயலாது. காவலூர் ஆடியிலோ விநாடிக்குச் சில நூறு துகள்கள் விழும். விண்மீன் அங்கு இருக்கத்தான் செய்கின்றது, அதன் ஒளியும் நம்மை வந்தடையத்தான் செய்கின்றது. அதனைப் பெறும் கலம் சிறிதாயிருப்பதே குறை.

வில்லையும் ஆடியும்

கலிலியோ 1609இல் வானை நோக்கித் திருப்பிய கருவி, கண்ணாடி வில்லைகளால் ஆனது. குழலின் முன்புறத்துப் பெரிய வில்லை ஒளியை ஓரிடத்தில் குவிக்கும். கண்ணருகில் உள்ள சிறு வில்லை அவ்வுருவைப் பெரிதாக்கும். முன் வில்லையின் குவியத் தூரம் 50 சென்டிமீட்டராகவும் கண்ணருகு வில்லையினது 5 சென்டிமீட்டராகவும் இருப்பின் உருப்பெருக்கம் பத்து. கண்ணருகு வில்லையை மாற்றி இப்பெருக்கத்தை எளிதில் கூட்டலாம். ஆனால் சேர்த்த ஒளி போதாதபோது பெரிதாக்குதல், சிறிதளவு மாவைப் பெரிய கல்லில் தேய்த்து மெலிதாக்குவதை ஒக்கும். உரு பெரிதாகும், தெளிவு குறையும்.

வில்லைக்குக் குறைகள் உண்டு. நீல ஒளியும் சிவப்பு ஒளியும் அதில் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஆதலின் விண்மீனைச் சுற்றி நிறக்கரை தோன்றும். கண்ணாடியின் உட்பகுதி முழுதும் மாசற்றிருத்தல் வேண்டும். ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டியிருப்பதால் வில்லையை ஓரத்தில் மட்டுமே பிடித்துத் தாங்க இயலும். பெரிதாகப் பெரிதாக அது தன் எடையாலேயே தொய்யும். 1897இல் அமெரிக்காவின் யெர்க்சு வானாய்வகத்தில் நிறுவிய, ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுந்த வில்லையோடு இவ்வகையின் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிட்டது.

நியூட்டன் 1668இல் வில்லைக்குப் பதிலாகக் குழியாடியைப் பயன்படுத்தினார். ஆடியில் ஒளி மேற்பரப்பில் பட்டுத் திரும்புகின்றது. எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியும். உட்பகுதி எவ்வாறிருப்பினும் மேற்பரப்பு செவ்வையாயிருந்தால் போதும். பின்புறம் முழுவதும் தாங்கு கொடுக்கலாம். ஆதலின் இக்காலப் பெருந்தொலைநோக்கிகள் யாவும் ஆடித் தொலைநோக்கிகளே.

அவ்வாடியின் வடிவம் பரவளையம். வெகுதொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பது அவ்வடிவின் இயல்பு. பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மில்லிமீட்டர். மேற்பரப்பின் மேடுபள்ளம் அதிலும் ஒரு சிறு பகுதிக்கு மேற்படலாகாது. அத்துணை நுட்பத்தோடு கண்ணாடியைத் தேய்த்து, மெருகேற்றி, அளந்து, மீண்டும் தேய்த்து வடிவாக்குவர். பின்னர் வெற்றிடக் கலத்துள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கி மிக மெல்லிய படலமாக அதன்மேல் படியச் செய்வர். அப்படலம் மங்கும்போது கழுவிப் புதிதாகப் பூசுவர்.

காவலூரின் 2.34 மீட்டர் ஆடி பெங்களூரில் நம் நாட்டுத் தொழில்நுட்பர்களால் மெருகேற்றப்பட்டது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய வைணு பாப்பு, 1927இல் இச்சென்னையிலே பிறந்தவர். காவலூரைத் தேர்ந்து 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கி, 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியை நிறுவியவர். பெரிய தொலைநோக்கி முற்றுப்பெறுமுன் 1982இல் அவர் மறைந்தார். 1986 சனவரி 6ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அவர் பெயரே அதற்கு இடப்பட்டது.

சுழலும் நிலமும் நடுங்கும் காற்றும்

ஒளியை நெடுநேரம் சேர்க்க வேண்டுமாயின் விண்மீனை விடாது நோக்கியிருத்தல் வேண்டும். நிலமோ மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கின்றது. இதற்கு ஒரு வழி, தொலைநோக்கியின் ஓர் அச்சை நிலத்தின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்துவது. சென்னையின் அகலாங்கு 13 பாகை. ஆதலின் இங்கு அவ்வச்சு வடக்கு நோக்கி 13 பாகையே உயர்ந்திருக்கும். அதனை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக எதிர்த்திசையில் சுழற்றினால் விண்மீன் அசையாது நிற்கும். உதகையில் 1970இல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கிக்கு, அகலாங்குக்கு ஒத்த சாய்வுள்ள மலைச்சரிவையே தேர்ந்து, மலையையே அச்சின் தாங்கியாக்கினர். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைச் சேர்ப்பது அது.

இனி, காற்றின் இடையூறு. வெயில் காயும் தார்ச்சாலையின்மேல் தொலைவிலுள்ள பேருந்து அலைந்து தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். இரவிலும் காற்றடுக்குகள் வெப்பவேறுபாட்டால் அவ்வாறே அலைகின்றன. விண்மீன் மின்னுவது அதனாலேயே. 2.34 மீட்டர் ஆடி, கொள்கையளவில் ஒரு விகலையின் பதினேழில் ஒரு பங்கு நுட்பத்தைப் பிரித்துக் காட்டவல்லது. காற்றோ விண்மீனின் உருவை ஒரு விகலை, இரண்டு விகலை அளவுக்குக் கலைத்துவிடுகின்றது. ஒரு விகலை என்பது, மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே நிற்கும் நமக்கு, திருவான்மியூருக்குச் சற்று இப்பால் ஒருவர் தூக்கிப் பிடிக்கும் ஒரு ரூபாய் நாணயம் தோன்றும் அளவு.

மேகமும் தூசும் நகர வெளிச்சமும் இதனோடு சேர்கின்றன. சூரிய ஆய்வு 1899இல் கோடைக்கானல் மலைக்குச் சென்றதும், இரவு ஆய்வு பின்னாளில் சவ்வாது மலைக்குச் சென்றதும் நல்ல வானத்தைத் தேடியே. 2001இல் இலடாக்கின் ஆன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர்த் தொலைநோக்கியும், 2016இல் இமயச் சாரலின் தேவசுத்தலில் 3.6 மீட்டர்த் தொலைநோக்கியும் நம் நாட்டில் நிறுவப்பட்டன. 2021 திசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி காற்றையே கடந்து விண்வெளியில் நிற்கின்றது.

கண்ணென்னும் கருவி

ஒளியைச் சேர்த்தாயிற்று. அதனை யார் பெறுவது? இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மனிதக் கண்ணே பெற்றது. இரகுநாதாச்சாரியார் தம் விண்மீனை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, 'இதனினும் சற்று மங்கல், அதனினும் சற்று ஒளிமிக்கது' என்று மதிப்பிட்டே அதன் மாற்றத்தைக் கண்டார். அது அரிய திறமை.

ஆயினும் கண்ணுக்கு எல்லை உண்டு. அது ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்து ஒளியை மட்டுமே சேர்த்துப் பார்க்கும். எவ்வளவு நேரம் உற்று நோக்கினும் மங்கலான பொருள் அதற்கு மேல் துலங்காது. அது களைப்படையும். அருகில் ஒளிமிக்க பொருள் இருந்தால் மயங்கும். எதிர்பார்த்ததைக் கண்டதாகவும் கருதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டவர் சொல்லைத் தவிர வேறு சான்று எஞ்சுவதில்லை.

படத்தகடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணின் இடத்தில் ஒளிப்படத் தகடு வந்தமர்ந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் ஊன்பசையில் கலந்த வெள்ளிப் புரோமைடு மணிகள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட மணி, மருந்தில் இட்டதும் கருத்த வெள்ளியாக மாறும். வந்து விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டே அதில் பதியும். ஆயினும் தகடு களைப்பதில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஒளியைச் சேர்த்துக்கொண்டேயிருக்கும். கண் காணாதவை அதில் தோன்றின. ஆயிரம் விண்மீன்கள் ஒருசேரப் பதிந்தன. அவ்வனைத்தினும் சிறப்பு, தகட்டைப் பெட்டியில் வைத்து நூறாண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம் என்பதே.

கோடைக்கானலில் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வந்தனர். அத்தகடுகள் இப்போது எண்வடிவாக்கப்பட்டு, ஆராய்வோர் எவரும் பெறும்படி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்தவர்களில் பலர் இன்றில்லை. அவர்கள் எழுப்பாத வினாக்களுக்கும் அத்தகடுகள் இன்று விடை தருகின்றன.

ஒளியைப் பட்டகத்தாலோ நுண்கோடுகள் கீறிய தளத்தாலோ பிரித்து நிறமாலையாக்கிப் பதிவதும் இத்தகட்டினால் சிறந்தது. நிறமாலையின் குறுக்கே தோன்றும் கருங்கோடுகள் இன்ன தனிமம் உள்ளது என்று காட்டும். கோடு சற்று இடம் பெயர்ந்திருப்பின் ஒளிதரும் பொருள் நம்மை நோக்கி வருகின்றதா விலகுகின்றதா என்பது புலனாகும். 1909இல் கோடைக்கானலில் எவர்செட், சூரியக் கறைகளில் வளி கறையின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இவ்வாறே கண்டறிந்தார்.

ஒரு கோடு ஒரு விண்மீனில் அழுத்தமாகவும் மற்றொன்றில் மெலிந்தும் இருப்பதேன் என்பதற்கு, 1920இல் வெப்பநிலையோடு தொடர்புபடுத்தி விளக்கம் தந்தவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் எளிய மளிகைக் கடைக்காரர் வீட்டில் 1893இல் பிறந்தவர் அவர். கல்கத்தாவில் கல்லூரி மாணவராயிருந்தபோது, விடுதியில் சாதியின் பெயரால் உடனுண்ண மறுக்கப்பட்டவர். அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு இன்றி விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க இயலாது.

ஒளிமின் பெருக்கியும் யுரேனசின் வளையமும்

தகட்டில் பதியும் கருமை, விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. துல்லியமாக அளக்க வேறு கருவி வேண்டியிருந்தது. சில பொருள்களின்மேல் ஒளித்துகள் படும்போது மின்னணு ஒன்று வெளிப்படும். இதற்கு 1905இல் விளக்கம் கூறியவர் ஐன்சுடீன். ஒளிமின் பெருக்கி என்னும் குழாயில் அவ்வாறு வெளிப்பட்ட ஒரு மின்னணு ஒரு தகட்டில் மோதி நான்கினை எழுப்பும். அந்நான்கும் அடுத்த தகட்டில் மோதிப் பதினாறாகும். இவ்வாறு பத்துப் படிகள் கடந்தால் ஒன்று பத்து லட்சத்துக்கு மேலாகும். ஒரே ஒளித்துகளின் வருகையையும் இதனால் எண்ணலாம். ஒரு வேளையில் ஒரு விண்மீனையே அளக்கலாம் என்பது இதன் குறை. விநாடிக்குள் நிகழும் மாற்றத்தையும் காட்டும் என்பது இதன் நிறை.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரின் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தனர். கோள் மறைப்பதற்கு முன்னரே ஒளி சில விநாடிகள் சட்டென்று குறைந்து மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்று முதலில் கருதி அறிவித்தனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின்மேல் விமானத் தொலைநோக்கியில் அமெரிக்காவின் ஜேம்சு எலியட் குழுவினர் எடுத்த பதிவில், கோளின் இருபுறமும் இத்தகைய குறைவுகள் ஒத்த தொலைவில் தென்பட்டன. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்பது அதனால் விளங்கிற்று. பின்னர்க் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்தபோது அதிலும் வளையங்களின் தடயங்கள் புலப்பட்டன. முதற்கருத்து மாறிற்று, பதிவு மாறவில்லை. கண்ணால் மட்டும் கண்டிருந்தால் 'ஒரு கணம் மங்கியது போலத் தோன்றிற்று' என்பதோடு அது முடிந்திருக்கும்.

மொட்டைமாடியில் வரிசையாகக் குடங்கள்

இன்றைய தொலைநோக்கிகளில் பெரிதும் பயன்படுவது சி.சி.டி. என்னும் சிலிக்கன் சில்லு. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் சுமித்தும் இதனை உருவாக்கினர். 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இதற்காக அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இதன் செயல்முறையைச் சென்னைவாசிகளுக்கு விளக்குதல் எளிது. நம் தெருக்களில் குடங்களை வரிசைப்படுத்தி வைக்காத பிள்ளை எவருமில்லை.

ஒரு பெரிய மொட்டைமாடியில் வரிசை வரிசையாகக் குடங்களை நெருக்கமாக வைத்திருப்பதாகக் கொள்வோம். மழை பெய்கின்றது. சில குடங்களில் மிகுதியாகவும் சிலவற்றில் குறைவாகவும் நீர் சேர்கின்றது. மழை நின்றதும் கடைசி வரிசை நீரை ஓரத்திலுள்ள வேறொரு வரிசைக் குடங்களில் ஊற்றுகின்றோம். மற்ற வரிசைகள் ஒவ்வொன்றும் தன் நீரை அடுத்த வரிசைக்குக் கைமாற்றுகின்றன. ஓர வரிசையின் நீர் ஒவ்வொரு குடமாக நகர்ந்து கோடியில் நிற்கும் அளவுப்படிக்கு வருகின்றது. ஒருவர் அளந்து எழுதிக்கொள்கின்றார். எல்லாக் குடங்களும் அளந்து முடிந்ததும், எங்கே எவ்வளவு மழை பெய்தது என்னும் படம் கையில் கிடைத்துவிடும்.

சில்லில் குடம் என்பது ஏறத்தாழ 0.015 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம். நீளவாட்டில் 2,048, அகலவாட்டில் 2,048 கட்டங்கள் இருப்பின் மொத்தம் 42 லட்சத்தை நெருங்கும். மழைத்துளி என்பது ஒளித்துகள். அது சிலிக்கனில் ஒரு மின்னணுவை விடுவிக்கும். மின்னழுத்தத்தை முறையாக மாற்றி மாற்றி அம்மின்னணுக்களைக் கட்டம் விட்டுக் கட்டம் நகர்த்தி, கோடியில் எண்ணி, கணிப்பொறியில் எழுதுவர். தகடு நூற்றுக்கு ஒன்றிரண்டு துகள்களைப் பெற்ற இடத்தில், நல்ல சி.சி.டி. எண்பது தொண்ணூறு துகள்களைப் பெறும். ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும். உங்கள் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியில் உள்ள சில்லும் இதன் நெருங்கிய உறவே.

இதனால் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. படம் எண்களாகிவிட்டபடியால் நோக்குபவர் கருவியருகே இருக்க வேண்டுவதில்லை. ஆன்லேத் தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஓசக்கோட்டையில் அமர்ந்தே இயக்குகின்றனர். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் கருவிகள், பதினைந்து லட்சம் கிலோமீட்டர் அப்பாலிருந்து சூரியப் படங்களை எண்களாகவே அனுப்புகின்றன. அத்திட்டத்தின் இயக்குநராயிருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

கருவியின் குறையை முதலில் கழித்தல்

இப்போது நாம் கூறவிருப்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகின்றோம்.

சி.சி.டி. தரும் எண்களை விண்ணியலார் அப்படியே ஏற்பதில்லை. சில்லில் வெப்பத்தாலேயே சில மின்னணுக்கள் பிறக்கும். ஒளியே படாத கட்டத்திலும் ஏதோ எண் காட்டும். அதனைக் குறைக்கவே திரவ நைட்ரசன் முதலியவற்றால் சில்லைக் கடுங்குளிரில் வைப்பர். மூடியைத் திறவாமலே படமெடுத்து, அப்பொய்யெண்ணை அளந்து கழிப்பர். இனி எல்லாக் கட்டங்களும் ஒரே திறனுடையவை அல்ல. ஒன்று நூற்றுக்குத் தொண்ணூறு பெறும், அடுத்தது எண்பத்தைந்து பெறும். கண்ணாடியில் ஒரு தூசு ஒட்டியிருந்தால் அதன் நிழலில் உள்ள கட்டங்கள் இன்னும் குறைவாகப் பெறும். அங்கு விழும் விண்மீன் மங்கலாகத் தோன்றும். அது விண்மீனின் குறையன்று.

ஆதலின் சீராக ஒளியூட்டிய வெண்திரையையோ அந்திவானத்தையோ முதலில் படமெடுப்பர். எங்கும் ஒரே ஒளி விழுந்திருக்க, எந்தக் கட்டம் குறைத்துக் காட்டுகின்றதோ அது தன் குறையைத் தானே வெளிப்படுத்திவிடும். அக்குறையைக் கொண்டு விண்மீன் படத்தை வகுத்துச் சரிசெய்வர். அதன் பின்னரே 'இவ்விண்மீன் இன்ன தரத்தது' என்று எழுதுவர். தன் கருவியைச் சோதியாது விண்மீனை மங்கல் என்று எழுதும் விண்ணியலாரை எவரும் மதிப்பதில்லை.

பள்ளிக்கூடங்களில் இச்சோதனை நடைபெறுகின்றதா? நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், பதினோராம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடப்பிரிவு என்பதை அனுபவம் மிக்கவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்தே தீர்மானித்து வந்தார். பார்த்தது முகத்தை மட்டுமன்று, முகவரியையும் சேர்த்தே. ஒரு கோடை விடுமுறையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பாடப்பிரிவுப் பட்டியலையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்த்தோம். அறிவியல் பிரிவில் இடம்பெற்ற பலரைக் காட்டிலும் கணிதத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்ற நம் குடியிருப்புப் பிள்ளைகள் நால்வர், கேட்டும் அப்பிரிவு பெறாமல் வேறு பிரிவில் இருந்தனர். 'அவர்களால் தாக்குப்பிடிக்க இயலாது என்றுதான்' என்பது நமக்குக் கிடைத்த விடை. அவர் தீயவர் அல்லர். தம் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசை அவர் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. பட்டியல்களை மேசைமேல் விரித்த பின்னர் அந்நால்வரில் மூவர் அறிவியல் பிரிவுக்கு மாறினர். நான்காவது பிள்ளை அதற்குள் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றுவிட்டாள்.

அவளுக்காகவே இதனை இங்கு சொல்கின்றோம். நம் பிள்ளைகளைப் பற்றி வாய்ச்சொல்லாக வழங்கும் மதிப்பீடுகளை ஏற்காதீர்கள். மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, தேர்வுத்தாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் கேட்டுப் பெற்றுக் கோப்பில் வையுங்கள். நம் கழகத்தின் மாலைப் பாடசாலை இருபத்தைந்தாண்டுகளாக வைத்துள்ள பதிவேடுகளும் ஒருவகைப் படத்தகடுகளே. அவற்றைத் தூசு தட்டி ஆராய்ந்தால், எந்த வகுப்பில், எக்காரணத்தால் நம் பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர் என்பது புலப்படும். குடியிருப்பு மாற்றப்பட்டுப் பெரும்பாக்கத்திலிருந்து மயிலைக்கும் அடையாற்றுக்கும் பேருந்தேறி வரும் பிள்ளையின் வருகை குறைவதைச் சோம்பல் என்று எழுதுமுன், அப்பேருந்து எத்தனை மணிக்கு வருகின்றது என்று விசாரியுங்கள்.

செய்யத்தக்கவை

இறுதியாக, வெள்ளிவிழா நிதியிலிருந்து செய்யத்தக்கன மூன்றினைக் கழகத்தின் முன் வைக்கின்றோம். முதலாவது, 15 சென்டிமீட்டர் ஆடித் தொலைநோக்கி ஒன்றை மாலைப் பாடசாலையின் மொட்டைமாடியில் வைத்தல். அது கண்ணினும் நானூற்றைம்பது மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். தியாகராய நகர்க் கடைவீதி வெளிச்சத்தினிடையிலும் நிலவின் பள்ளங்களையும், சனியின் வளையத்தையும், வியாழனின் நான்கு நிலவுகளையும் அதில் காணலாம். சூரியனை மட்டும் உரிய வடிகட்டியின்றி எக்கருவியாலும் நோக்கலாகாது. நோக்கினால் கண் போய்விடும். இதனை ஒவ்வொரு நாளும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, பார்ப்பதோடு நில்லாது பதிதல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு கொடுங்கள். நாள், நேரம், வியாழனின் இருபுறமும் நிலவுகள் நின்ற இடம் ஆகியவற்றைப் புள்ளியிட்டு வரையட்டும். கலிலியோ 1610 சனவரியில் செய்தது அதுவே. ஒரு பிள்ளையின் ஏட்டை மற்றொரு பிள்ளையின் ஏட்டோடு ஒப்பிடட்டும். வேறுபாடு இருந்தால் மறுநாள் மீண்டும் பார்க்கட்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டூர்புரத்தில் 1988இல் தொடங்கிய பிர்லா கோளரங்கத்துக்கும், முன்கூட்டி விசாரித்து அனுமதி பெற்றுக் காவலூருக்கும் அழைத்துச் செல்லுதல். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். தாய்மார் இருவர் துணை வரட்டும். அவர்களும் அந்த ஆடியைக் காணட்டும்.

மங்கலான விண்மீனைப் பதிய நெடுநேரம் ஒளி சேர்க்க வேண்டும் என்று கண்டோம். நம் கழகம் இருபத்தைந்தாண்டுகள் அவ்வாறு பொறுமையோடு சேர்த்துள்ளது. பதிவில் இப்போது உருவம் தெரியத் தொடங்கியுள்ளது. இந்நேரத்தில் மூடியைச் சாத்திவிடாமல் மேலும் பல்லாண்டு காத்து நடத்துவது நம் அனைவர் கடமையாகும்.